எம்டி5-இல் கிடக்கும் 4 லட்சம் பாஸ்வேர்டுகளை பிகிரிப்டுக்கு மாற்றுவது: ஒவ்வொருவரும் லாகின் செய்யும்வரை காத்திருக்க வேண்டுமா?

தறிநூல்:

வணக்கம். பழைய பிஎச்பி தளம். இப்போது பிஎச்பி 8.3, மைஎஸ்க்யூஎல் 8-இல் ஓடுகிறது. யூசர் டேபிளில் ஏறக்குறைய 4 லட்சம் கணக்குகள். பாஸ்வேர்டுகள் ஹாஷாக, அதாவது திருப்ப முடியாத குறியீடாக, இருக்கின்றன. 3.4 லட்சம் பேருக்கு வெறும் எம்டி5 (பழைய, வேகமான ஹாஷ் முறை), சால்ட் (ஆளுக்காள் மாறும் கூடுதல் சொல்) கிடையாது. மீதி 60 ஆயிரம் வேறொரு தளத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை: ஷா-1 (இதுவும் பழைய ஹாஷ் முறை), சால்ட் தனி ஃபீல்டில். இரண்டும் ஒரே வார்சார்(40) ஃபீல்டில் ஹெக்ஸாக (0-9, a-f எழுத்துகளாக) இருக்கின்றன.

லாகின் நேரத்தில் உண்மையான பாஸ்வேர்டு கைக்கு வருவதால் அப்போது புதிய ஹாஷ் போட்டுச் சேமித்துவிடலாம் என்பது தெரியும். ஆனால் பாதிப்பேருக்கு மேல் வருடக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுடைய எம்டி5 அப்படியே கிடக்கும். எம்டி5-இன் மேலேயே பிகிரிப்ட் (வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ்) போட்டுவிடலாம் என்கிறார்கள். அது பாதுகாப்பானதா? எந்த வரிசையில் செய்வது? எல்லோருக்கும் "பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று மெயில் அனுப்பாமல் முடிக்க வேண்டும். பிகிரிப்டா, ஆர்கான்2-வா (நினைவகத்தையும் அதிகம் கேட்கும் புதிய ஹாஷ்) என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

உப்புச்சட்டி:

இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். முதலில் டேபிளில் உள்ள எல்லா ஹாஷுக்கும் ஒரே மூச்சில் மேலுறை: பிகிரிப்ட்(எம்டி5 ஹெக்ஸ்). அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தெரியத் தேவையில்லை. பிறகு ஒருவர் லாகின் செய்யும்போது அந்த உறையைக் கழற்றி, பாஸ்வேர்டின் மேல் நேரடியாகப் போட்ட பிகிரிப்டாக மாற்றிவிடுங்கள். லாகினுக்காகக் காத்திருப்பது மட்டும் போதாது. நாளைக்கே டேட்டாபேஸ் கசிந்தால் முதலில் உடைவது வராதவர்களின் எம்டி5தான்.

வரிசை முக்கியம்:

1. ஃபீல்டை வார்சார்(255) ஆக்குங்கள். பிகிரிப்ட் 60 எழுத்து, ஆர்கான்2ஐடி ஏறக்குறைய 97. ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால் மைஎஸ்க்யூஎல் 60 எழுத்தை 40 ஆக வெட்டி, வெறும் வார்னிங்கோடு சேமித்துவிடும். அந்த வரிசைகளை இனி யாராலும் மீட்க முடியாது. இன்னொன்று: ஃபீல்டு யுடிஎஃப்8எம்பி4 (ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை) ஆக இருந்தால் 255 எழுத்துக்கு நீளத்தைக் குறிக்க 2 பைட் தேவை, 40 எழுத்துக்கு 1 பைட் போதும். அதனால் இந்த ஆல்டர் டேபிள் முழு டேபிளையும் நகலெடுக்கும், உடனே முடியாது. எப்படியும் நகலெடுக்கத்தான் போகிறது என்றால் அப்போதே ஆஸ்கி_பின் கொலேஷனுக்கு (எழுத்துகளை ஒப்பிடும் விதி; இது பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும்) மாற்றிவிடுங்கள்.

2. எல்லா வடிவங்களையும் *படிக்க* மட்டும் தெரிந்த கோடை எல்லா சர்வர்களிலும் ஏற்றுங்கள். எழுதுவது இன்னும் பழையபடியே.

3. பிறகு ஒரு ஃப்ளாக் வைத்து, புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கும் பாஸ்வேர்டு மாற்றுபவர்களுக்கும் புதிய வடிவில் எழுதத் தொடங்குங்கள். 2-ஐயும் 3-ஐயும் ஒரே ரிலீஸில் ஏற்றினால், ஏதோ காரணத்தால் ரோல்பேக் செய்யும்போது (பழைய கோடுக்குத் திரும்பும்போது) புதிய ஹாஷ் உள்ளவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

4. மேலுறை ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

5. லாகினில் உறை கழற்றுவதைத் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஹாஷுக்கும் அது எந்த வகை என்ற அடையாளம் கட்டாயம். தனி ஃபீல்டோ முன்னொட்டோ, எதுவானாலும் சரி: "எம்5:" என்றால் எம்டி5 மேல் பிகிரிப்ட், "எஸ்1:" என்றால் சால்ட் போட்ட ஷா-1 மேல் பிகிரிப்ட், முன்னொட்டே இல்லாமல் $2ஒய்$ என்று தொடங்கினால் நேரடி பிகிரிப்ட். வெரிஃபை செய்யும்முன் முன்னொட்டை வெட்ட வேண்டும்.

"அடையாளம் எதற்கு, முதலில் நேரடியாகச் சோதிப்போம், பொருந்தாவிட்டால் எம்டி5 போட்டுச் சோதிப்போம்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஓட்டை. டேபிளில் இருப்பது பிகிரிப்ட்(எம்டி5(பாஸ்வேர்டு)). பழைய பேக்கப்பிலிருந்து ஒருவருடைய எம்டி5-ஐ எடுத்தவர், அந்த 32 எழுத்தை லாகின் பெட்டியில் பாஸ்வேர்டாகவே அடித்தால் போதும். முதல் சோதனையே பொருந்திவிடும். உடைக்கக்கூட வேண்டாம். எந்த வழியில் சோதிப்பது என்பதை அடையாளம்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் ஒரே ஒரு வழியாக.

ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு ஒரு கணக்கு: காஸ்ட் 12-இல் (காஸ்ட் என்பது பிகிரிப்ட் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) ஒரு ஹாஷுக்கு கால் நொடி என்று வையுங்கள். 4 லட்சத்துக்கு 1 லட்சம் நொடி, அதாவது ஒரு கோரில் 28 மணி நேரம். 8 கோரில் மூன்றரை மணி நேரம். வெப் சர்வரில் ஓட்டாமல் தனி இயந்திரத்தில் ஓட்டுங்கள். தளத்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் தளம் ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு சிக்கல் வரும். ஸ்கிரிப்ட் ஒருவருடைய எம்டி5-ஐப் படிக்கிறது, கால் நொடி கணக்குப் போடுகிறது. அதற்குள் அவர் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார். ஸ்கிரிப்ட் எழுதும்போது புதிய ஹாஷ் அழிந்து பழைய பாஸ்வேர்டு உயிர்த்தெழும். அதனால் அப்டேட் கட்டளையின் வேர் (where) பகுதியில் ஐடி மட்டும் போதாது, "பாஸ்வேர்டு = நான் படித்த அதே பழைய ஹாஷ்" என்ற நிபந்தனையும் சேர வேண்டும். மாறிய வரிசை 0 என்று வந்தால் தாண்டிப் போய்விடலாம். ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது உறை மேல் உறை விழாமலிருக்க, 32 அல்லது 40 ஹெக்ஸ் எழுத்து மட்டுமே உள்ள வரிசைகளைத்தான் தொட வேண்டும்.

ஒரே எம்டி5 பல பேருக்கு இருக்கும். நேரம் மிச்சம் என்று ஒரு தடவை கணக்கிட்டு எல்லோருக்கும் ஒட்டாதீர்கள். ஆளுக்கொரு சால்ட் என்பதுதான் இந்த வேலையின் பாதி.

நிழல்வரி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "மேலுறை போட்டாச்சு, இனி பிகிரிப்ட் பலம்" என்று நினைக்க வேண்டாம். உள்ளே சால்ட் இல்லாத எம்டி5 இருக்கும்வரை பாஸ்வேர்டு ஷக்கிங் என்ற தாக்குதல் உண்டு.

உங்கள் பயனர் அதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் வைத்திருக்கிறார். அந்தத் தளத்தின் எம்டி5 பட்டியல் ஏற்கெனவே கசிந்திருக்கிறது. அதை யாரும் இன்னும் உடைக்கவில்லை. தாக்குபவர் உங்கள் டேபிளை எடுத்து, பாஸ்வேர்டுகளை ஊகிக்காமல், அந்த *உடையாத எம்டி5*-களையே ஊகங்களாகப் போட்டுப் பார்க்கிறார். இரண்டு பட்டியலிலும் ஒரே மெயில் முகவரி என்றால் ஒரே ஒரு சோதனை. பொருந்திவிட்டால் பிகிரிப்ட் உறை முடிந்தது. மீதியை எம்டி5 வேகத்தில் உடைக்கலாம். பிகிரிப்டின் சால்ட் இதைத் தடுக்காது. ஹாஷ் உடைக்கும் கருவியான ஹாஷ்கேட்டில் பிகிரிப்ட்(எம்டி5) என்ற கூட்டுக்குத் தனி மோடே இருக்கிறது, எண் 25600.

வேக வித்தியாசம் எவ்வளவு என்றால், ஓர் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டையில் எம்டி5 நொடிக்கு 16,000 கோடிக்கு மேல் போகும். காஸ்ட் 12 பிகிரிப்ட் அதே அட்டையில் நொடிக்கு ஒன்றரை ஆயிரத்தை எட்டாது.

தடுக்க வழி: எம்டி5-க்கும் பிகிரிப்டுக்கும் நடுவில் ரகசியச் சாவி போட்ட எச்மேக்-ஷா-256 (சாவி இல்லாமல் கணக்கிட முடியாத ஹாஷ்). அதாவது பிகிரிப்ட்(பேஸ்64(எச்மேக்(பெப்பர், எம்டி5 ஹெக்ஸ்))). பெப்பர் என்பது அந்த ரகசியச் சாவி; அது டேட்டாபேஸில் இருக்கக் கூடாது, அதன் பேக்கப்பிலும் இருக்கக் கூடாது. டேபிள் மட்டும் கசிந்தால் வெளி எம்டி5 பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பேஸ்64-ஐ (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் முறை) விட்டுவிடாதீர்கள். எச்மேக்கின் 32 பச்சை பைட்டுகளை அப்படியே பிகிரிப்டுக்குக் கொடுத்தால், அவற்றில் எங்காவது நல் பைட் (மதிப்பு 0) வர ஏறக்குறைய 12 சதவீத வாய்ப்பு. இன்றைய பிஎச்பி அங்கே பிழை எறிந்து நிற்கும், நல்லது. வேறு சில லைப்ரரிகள் நல் வந்த இடத்தோடு சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்ளும். முதல் பைட்டே நல் என்றால், 256-இல் ஒருவருக்கு அப்படி அமையும், அவருடைய ஹாஷ் வெற்றுச் சொல்லின் ஹாஷ். பேஸ்64 செய்தால் 44 எழுத்து, பிகிரிப்டின் 72 பைட் எல்லைக்குள் அடங்கும்.

உப்புச்சட்டி:

ஷக்கிங் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெப்பரை உள்ளே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாவியை மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? எச்மேக் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது; பயனர் லாகின் செய்யாமல் அதை மாற்ற முடியாது. பிகிரிப்ட் விடையை வெளியிலிருந்து ஏஇஎஸ்-ஜிசிஎம்மால் என்கிரிப்ட் செய்து சேமித்தால் டேபிள் கசிவுக்கு அதே பாதுகாப்பு கிடைக்கும். சாவி மாற்றுவதும் ஒரு ஸ்கிரிப்ட் வேலையாக முடிந்துவிடும்: பழைய சாவியால் திற, புதிய சாவியால் மூடு. ஒவ்வொரு வரிசையிலும் சாவியின் பதிப்பு எண் இருக்க வேண்டும், யூசர் ஐடியைக் கூடுதல் தரவாகக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் டேபிளில் எழுத முடிந்தவர் தன் ஹாஷை அட்மின் வரிசைக்கு நகர்த்திவிடலாம்.

நிழல்வரி:

என்கிரிப்ஷன் மாற்றுவதற்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதை எடுத்தாலும் அந்தச் சாவி தொலைந்தால் 4 லட்சம் பாஸ்வேர்டும் தொலைந்தது. டேட்டாபேஸ் பேக்கப்போடு சேராத, இரண்டு தனி இடங்களில் அதன் நகல் இருக்க வேண்டும்.

தறிநூல்:

மிக்க நன்றி. வெளியே என்கிரிப்ட் செய்வதையே எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்காக ஒரு நகல் டேட்டாபேஸில் ஓட்டிப் பார்த்ததில் எம்டி5 ஆட்கள் பெரும்பாலும் சரியாக நுழைகிறார்கள். சிலருக்கு மட்டும் பழைய கோடில் நுழையும் பாஸ்வேர்டு புதிதில் மறுக்கப்படுகிறது. தமிழில் பாஸ்வேர்டு வைத்த சில டெஸ்ட் கணக்குகளிலும் தகராறு. எங்கே தேடுவது?

கணுவரிசை:

மூன்று இடங்களில் தேடுங்க.

முதல் இடம், ஹெக்ஸின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. பழைய கோடு "வேர் பாஸ்வேர்டு = எம்டி5(...)" என்று எஸ்க்யூஎல்லிலேயே ஒப்பிட்டிருக்கும். கொலேஷன் எழுத்தளவைப் பார்க்காததா இருந்தா, பெரிய எழுத்து ஹெக்ஸா சேமிச்சிருந்த வரிசைகளும் பொருந்தியிருக்கும். நீங்க பிகிரிப்ட் போடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இரண்டு வேற சொற்கள். மேலுறை போடும் முன் எல்லாத்தையும் சிறிய எழுத்தாக்கி, ஓரங்களில் இடைவெளி இருந்தா வெட்டிடுங்க. ஒரு பகுதியை மட்டும் வேற டூல் வழியா இம்போர்ட் செஞ்சிருந்தா இதுதான் காரணம்னு கிட்டத்தட்ட உறுதியாச் சொல்லலாம்.

அடுத்தது, பழைய கோடு ஹாஷுக்கு முன்னாடி பாஸ்வேர்டை என்ன செஞ்சதுன்னு பாருங்க. ட்ரிம், சிறிய எழுத்தாக்கம், எச்டிஎம்எல் எஸ்கேப் எல்லாம் அகப்படும். பிஎச்பி 5.3 காலத்திலிருந்து வரும் தளம்னா மேஜிக் கோட்ஸை (வரும் தரவில் மேற்கோள் குறிக்கு முன்னாடி பின்சாய்கோடைத் தானா சேர்க்கிற வசதி) மறக்காதீங்க. அது 5.4-இல் நீக்கப்பட்டது. அதுக்கு முந்தைய கணக்குகளில் மேற்கோள் குறியோ பின்சாய்கோடோ உள்ள பாஸ்வேர்டு, பின்சாய்கோடு சேர்ந்த வடிவில் ஹாஷ் ஆகியிருக்கும். தளம் அதைச் சமாளிக்க எங்கோ ஓர் ஆட்ஸ்லாஷஸ் (அதே பின்சாய்கோடைச் சேர்க்கிற ஃபங்ஷன்) வச்சிருக்கும், புதிய கோடில் யாரோ "தேவையில்லாதது"ன்னு தூக்கியிருப்பாங்க. இந்த அசிங்கங்கள் எல்லாம் "எம்5:" பாதைக்குள்ள அப்படியே இருக்கணும். அங்கே அழகுபடுத்தாதீங்க. உறை கழற்றிப் புதிய ஹாஷ் எழுதும்போது மட்டும் பயனர் அடிச்ச பாஸ்வேர்டைச் சுத்தமா எடுங்க.

தமிழ்ச் சிக்கல் யூனிகோடு சார்ந்தது. "கொ" என்பதை க-வோடு ஒற்றை ொ குறியா எழுதலாம். க, ெ, ா என்று மூணு குறியாவும் எழுதலாம். திரையில ஒண்ணுதான். பைட்டில முதலாவது 6, அடுத்தது 9. கீபோர்டு எதை அனுப்பினதோ அதுதான் ஹாஷ் ஆகியிருக்கும். பழைய பாதையில அடிச்சது அடிச்சபடி முதல்ல சோதிங்க. பொருந்தலைன்னா, ஆஸ்கி அல்லாத எழுத்து இருந்தா மட்டும், என்எஃப்சி (குறிகளைச் சேர்த்த) வடிவிலும் என்எஃப்டி (பிரித்த) வடிவிலும் ஒரு தடவை. ஒவ்வொண்ணும் ஒரு முழு பிகிரிப்ட், அதனால எல்லோருக்கும் செய்ய வேண்டாம். புதிய ஹாஷில் எப்போதும் என்எஃப்சி.

டேட்டாபேஸில லத்தீன்-1 இணைப்பில் போன காலம் இருந்தா இன்னும் குழப்பம், ஆனா எம்டி5-ஐ பிஎச்பியில் கணக்கிட்டிருந்தா இது தொடாது. மைஎஸ்க்யூஎல்லோட எம்டி5 ஃபங்ஷன்னாத்தான் கவலை.

ஷா-1 ஆட்களுக்கு: சால்ட் முன்னாடியா பின்னாடியா என்பதை பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரு கணக்கில் உறுதி செஞ்சுக்கிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்க. உறை கழறும் வரை சால்ட் ஃபீல்டை அழிச்சிடாதீங்க.

நிழல்வரி:

தமிழ் பாஸ்வேர்டு என்பதால் 72 பைட் எல்லையையும் கவனிக்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஆக 24 குறி. உயிர்மெய்யாக எண்ணினால் 12 எழுத்திலேயே முடிந்துவிடலாம். அதற்கு மேல் என்ன அடித்தாலும் பிகிரிப்ட் பார்ப்பதில்லை. எம்டி5 காலத்தில் இந்த எல்லை இல்லை; உறை கழற்றும் நாளில்தான் புதிதாக முளைக்கிறது. வேர்ட்பிரஸ் 2025-இல் 6.8 பதிப்பில் பிகிரிப்டுக்கு மாறியபோது ஷா-384-ஐ முன்னால் வைத்தது இதற்காகத்தான்.

யூசர் ஐடி, பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒட்டி பிகிரிப்டுக்குக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். 2024 அக்டோபர் இறுதியில் லாகின் சேவை நிறுவனமான ஆக்டா தன்னிடம் கண்டுபிடித்த குறை அதுதான்: கேஷ் சாவியை அப்படி உருவாக்கியதால், 52 எழுத்தோ அதற்கு மேலோ உள்ள யூசர்நேம் கொண்டவர்களுக்குச் சில சூழ்நிலைகளில் பாஸ்வேர்டைப் பார்க்காமலே உள்ளே விடும் வாய்ப்பு இருந்தது.

அடுக்குவேலி:

பிகிரிப்டா ஆர்கான்2-வா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மேலுறைக்கு பிகிரிப்ட் போதும், கழற்றும்போது ஆர்கான்2ஐடி போடலாம். இரண்டும் ஒரே டேபிளில் இருப்பதில் தவறில்லை, அடையாளம் இருக்கிறதே.

ஆர்கான்2ஐடிக்கு, வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் குறைந்த அளவுகளில் ஒன்று 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று, 1 இணைப்பு. பிஎச்பியின் இயல்பு அமைப்பு 64 மெபிபைட், 4 சுற்று. பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மில் 50 வொர்க்கர் இருந்து 50 பேரும் ஒரே நேரத்தில் லாகின் என்றால் 3.2 ஜிகாபைட் அதற்கே போகும். 19 என்றால் ஒரு ஜிகாபைட்டுக்குள். லாகின் வேண்டுகோளுக்கு வரிசைக் கட்டுப்பாடு இல்லாமல் ஆர்கான்2-வைத் திறந்துவிட்டால், தளத்தைச் சாய்க்க விரும்புபவருக்கு நீங்களே நெம்புகோலை எடுத்துக் கொடுத்த மாதிரி. சிறிய சர்வர் என்றால் நான் பிகிரிப்டோடு நிறுத்திக்கொள்வேன்.

காஸ்டை வெளிப்படையாக எழுதுங்கள். பிஎச்பி 8.3-இன் இயல்பு காஸ்ட் 10, 8.4-இல்தான் 12 ஆனது. எழுதாமல் விட்டால் ஸ்கிரிப்ட் போட்ட ஹாஷ்கள் 10-இலும், அப்கிரேடுக்குப் பிறகு லாகின் ஹாஷ்கள் 12-இலும் இருக்கும். பாஸ்வேர்டு_நீட்ஸ்_ரீஹாஷ் அதைச் சரிசெய்துவிடும்தான், ஆனால் அதுவும் லாகின் செய்பவர்களுக்கு மட்டும்.

லாகினில் ரீஹாஷ் செய்யும் கோடு ஒன்றை மட்டும் செய்ய வேண்டும்: ஹாஷை மாற்றுவது. "பாஸ்வேர்டு மாற்றிய தேதி"யைத் தொடக் கூடாது, "உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது" மெயில் போகக் கூடாது. அந்த எழுத்து தோல்வியடைந்தாலும் லாகின் தோல்வியடையக் கூடாது. லாகில் குறித்துவிட்டு உள்ளே விடுங்கள். செஷனோ ரீசெட் லிங்கோ ஹாஷிலிருந்து உருவாகிறதா என்பதையும் பாருங்கள். பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோவில் அப்படித்தான்: பாஸ்வேர்டு ஃபீல்டு மாறினால் மற்ற செஷன்கள் அறுந்துவிடும், அனுப்பிய ரீசெட் லிங்க்கும் செத்துவிடும். அப்படிப்பட்ட அமைப்பில் மொத்தமாக மேலுறை போட்டால் எல்லோரும் ஒரே நாளில் வெளியேற்றப்படுவார்கள்.

இதைவிடப் பெரிய வேலை, எம்டி5-இன் நகல்களைத் தேடுவது. மைஎஸ்க்யூஎல் 8-இன் பின்லாக் (மாற்றங்களின் பதிவேடு) இயல்பாகவே ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வரிசையின் பழைய வடிவத்தையும் சேர்த்து எழுதுகிறது, 30 நாள் வைத்திருக்கிறது. ஆகவே மேலுறை ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் உங்கள் 4 லட்சம் பழைய ஹாஷும் பின்லாக்கில் வரிசையாக அடுக்கி இருக்கும். ரெப்ளிகாக்கள் (நகல் சர்வர்கள்) எல்லாம் பிடித்துக்கொண்டதும் அந்தக் கோப்புகளைக் கழித்துவிடுங்கள். பழைய பேக்கப், ஸ்டேஜிங் நகல், ரிப்போர்ட்டுக்காக எடுத்த டம்ப், "கடைசி 5 பாஸ்வேர்டு" டேபிள், எல்லாவற்றிலும் அது இருக்கும். மெயில் சர்வரோ எஃப்டிபியோ இதே டேபிளைப் படிக்கிறதா என்பதை ஸ்கிரிப்டை ஓட்டும் *முன்* பாருங்கள்.

"என்னை நினைவில் வை" குக்கியையும் திறந்து பாருங்கள். 2015-இல் ஆஷ்லி மேடிசன் டேட்டிங் தளத்தின் தரவு கசிந்தபோது பாஸ்வேர்டுகள் காஸ்ட் 12 பிகிரிப்டில்தான் இருந்தன. பக்கத்திலேயே இருந்த லாகின் டோக்கன் ஃபீல்டு பல கணக்குகளுக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு ஆகியவற்றின் எம்டி5-இலிருந்து செய்யப்பட்டிருந்தது. அந்த வழியாகவே 1.1 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் உடைந்தன. பிகிரிப்டை நேரடியாக உடைக்க வேண்டியிருக்கவில்லை.

தறிநூல்:

பின்லாக் யோசிக்கவே இல்லை, நன்றி. பெரிய எழுத்து ஹெக்ஸ்தான் காரணம், 2,100 வரிசைகள் அப்படி இருந்தன. கடைசியாக ஒன்று: "எம்5:" பாதையை எப்போது நீக்கலாம்? கடைசிவரை வராதவர்களின் ஹாஷை வெறுமையாக்கிவிடலாமா?

கணுவரிசை:

வாரம் ஒரு தடவை முன்னொட்டு வாரியா எண்ணிப் பாருங்க. முதல் சில வாரத்தில் வேகமா இறங்கும், அப்புறம் தட்டையாகும். தட்டையானதும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வச்சு, மிச்சத்தை எடுத்துட்டு ரீசெட் கட்டாயமாக்கலாம்.

ஆனா வெற்றுச் சொல்லோ நல்லோ (null) போடாதீங்க. எங்கோ ஒரு பழைய எண்ட்பாயிண்ட் வெற்றை வெற்றோடு ஒப்பிட்டு உள்ள விட்டுடும். "!" மாதிரி எந்த ஹாஷுக்கும் பொருந்தாத குறி போடுறதும் உண்டு, ஆனா ரீசெட் பாதை அதை எப்படி எடுத்துக்குதுன்னு பார்த்துட்டுப் போடுங்க. ஜாங்கோவில் அந்தக் குறி இருக்கிற ஆளுக்கு ரீசெட் மெயிலே போகாது. "மெயில் அனுப்பியாச்சு"ன்னு திரையில காட்டும், அவர் ஸ்பேம் ஃபோல்டரைத் தோண்டிக்கிட்டிருப்பார். 32 ரேண்டம் பைட் எடுத்து பேஸ்64 ஆக்கி, அதுக்கு சாதாரண பிகிரிப்ட் போட்டு வச்சிட்டா எல்லாப் பாதையும் வழக்கம்போல ஓடும், யாராலும் நுழையவும் முடியாது.